மைலேஜைக் குறைப்பது கியரா, எடையா?

அமெரிக்காவின் ‘மோட்டார் டிரெண்ட்’ இதழ் 1974-ல் வெளியிட்ட 32 கார்களின் விவரம், இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் புழங்குகிறது. ‘ஆர்’ மென்பொருளில் ‘எம்டிகார்ஸ்’ என்ற பெயரில் அது கூடவே வரும். அதில் மேனுவல் கியர் கார்கள் 13. கேலனுக்குச் சராசரியாக 24.4 மைல் ஓடின. ஆட்டோமேட்டிக் கார்கள் 19, அவை 17.1 மைல்தான் ஓடின. பெட்ரோலைக் குடிப்பது ஆட்டோமேட்டிக் கியர்தான் என்று இதை வைத்து யாரும் சொல்லிவிடலாம். ஆனால் எடையையும் மைலேஜையும் வைத்து ஒரு சிதறல் விளக்கப்படம் வரைந்தால் அந்த முடிவு ஆட்டம் கண்டுவிடும்.

கிடை அச்சில் எடை, செங்குத்து அச்சில் மைலேஜ், காருக்கு ஒரு புள்ளி. இடது மேல் மூலையில் டொயோட்டா கொரோலா: 1,835 பவுண்டு, அதாவது சுமார் 830 கிலோ எடை, 33.9 மைல். வலது கீழ் மூலையில் லிங்கன் கான்டினென்டல்: 5,424 பவுண்டு, 10.4 மைல். இடையிலுள்ள புள்ளிகள் சரிவாக இறங்குகின்றன. ஒட்டுறவுக் கெழு -0.87. கியர் வகைக்கேற்பப் புள்ளிகளுக்கு நிறம் கொடுத்தால் விஷயம் புலப்படும். மேனுவல் கார்கள் பெரும்பாலும் இடப்பக்கம், ஆட்டோமேட்டிக் கார்கள் வலப்பக்கம். முன்னவற்றின் சராசரி எடை சுமார் 2,400 பவுண்டு, பின்னவற்றுக்குச் சுமார் 3,770. ஆட்டோமேட்டிக் 19-ல் 12 கார்கள் எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்டவை. எடையைக் கணக்கில் சேர்த்து நேர்கோடு பொருத்தினால், கியரால் வந்ததாகத் தோன்றிய ஏழு மைல் வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யமாகிவிடுகிறது.

எடைக்கும் எஞ்சினுக்குமே நெருங்கிய ஒட்டுறவு இருக்கும்போது பழியை எடைமேல் மட்டும் போடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மெர்சிடிஸ் 230, 3,150 பவுண்டு. ஃபோர்டு பன்டெரா, 3,170. எடை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் 95 குதிரைத்திறன் கொண்ட முன்னது ஆட்டோமேட்டிக்காக இருந்தும் 22.8 மைல் கொடுத்தது. 264 குதிரைத்திறன் கொண்ட பின்னது மேனுவலாக இருந்தும் 15.8-ஐத் தாண்டவில்லை. ஆக, எடை முக்கியக் காரணம், ஒரே காரணம் அன்று. ஒட்டுறவு தனியாகக் காரணத்தை நிறுவாது. இங்கே இயற்பியல் துணை நிற்பதால்தான் எடையைக் காரணம் என்கிறோம். கனமான வண்டியை வேகமெடுக்க வைக்க அதிக ஆற்றல் வேண்டும், சக்கரங்களின் உருளல் தடையும் எடையோடு கூடும்.

கெழுவே போதும், படம் எதற்கு என்பவர்களுக்குப் புள்ளியியலாளர் பிரான்சிஸ் அன்ஸ்கோம்ப் 1973-லேயே பதில் தந்துவிட்டார். அவர் உருவாக்கிய நான்கு தரவுத் தொகுதிகளிலும் ஒட்டுறவு 0.82; படங்களோ நான்கு விதம். ஒன்றில் புள்ளிகள் வளைகின்றன, இன்னொன்றில் ஒற்றைப் புள்ளிதான் உறவையே உண்டாக்குகிறது. நம் கார்ப் படத்திலும் லேசான வளைவு உண்டு: எடை குறைந்த பக்கம் சரிவு செங்குத்து, கூடிய பக்கம் தட்டை. மைலேஜைத் தலைகீழாக்கி, மைலுக்கு எத்தனை கேலன் என்று வரைந்தால் அந்த வளைவு பெருமளவு நிமிர்ந்துவிடும்.

ஐம்பது ஆண்டுப் பழைய 32 கார்கள் இன்றைய சந்தைக்குப் பேசாது என்பது உண்மை. ஆனால் முறை பழசாகிவிடவில்லை. இன்றைய கார்களுக்கு இதே படத்தை வரைபவர்கள் ஹைப்ரிட் வண்டிகளுக்குத் தனி நிறம் கொடுக்க வேண்டும். பேட்டரியால் அவை பொதுவாக அதே அளவுள்ள பெட்ரோல் கார்களைவிடக் கனமானவை, ஆனாலும் அதிக மைலேஜ் தருபவை. இரண்டையும் ஒரே நிறத்தில் கலந்தால் எடைக்கும் மைலேஜுக்கும் உள்ள உறவு இருப்பதைவிட வலுவற்றதாகத் தெரியும்.