பின் சீற்றில் ஒரு நாலு வயது

அம்மாவுக்கும் எனக்கும் இரண்டு வாரமாக ஒரே வழக்கு. இந்த மார்கழி விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்து தண்டர் பேக்குக் காரில் போகப்போகிறோம். கிட்டத்தட்ட 1,400 கிலோமீற்றர். பின் சீற்றில் என் நாலு வயது மகள். "பிள்ளைக்குக் குளிரப்போகுது, ஜக்கெற்றைக் கழட்டாதை" என்கிறார் அம்மா. காருக்குள் தடித்த ஜக்கெற் கூடாது என்கிறேன் நான்.

அம்மா சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. உடம்பின் சூடு தசையிலும் உள்ளுறுப்புகளிலும் பிறக்கிறது. தோல் வழியாக வெளியேறுகிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 260 சதுர சென்ரிமீற்றர் தோல். பதினாறு கிலோ பிள்ளைக்கு அது 420. அதாவது சூட்டை இழக்கும் பரப்பு, எடையோடு ஒப்பிட்டால், எங்களைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அதோடு பிள்ளைச் சீற்றின் பட்டியில் கட்டுண்டு அசையாமல் இருக்கும் பிள்ளையின் தசைகள் அதிக சூட்டை உண்டாக்குவதுமில்லை. கையைத் தொட்டுப் பார்த்துக் குளிரை அளக்கக்கூடாது. குளிரில் உடம்பு முதலில் கை கால்களுக்குப் போகும் இரத்தத்தைத்தான் குறைக்கும். பிடரியில் விரலை வைத்துப் பார்க்கவேண்டும்.

ஆனால் ஜக்கெற் எப்படிச் சூடு தருகிறது? அதற்குள் இருக்கும் இறகோ பஞ்சோ தனக்கென்று சூடு எதையும் வைத்திருப்பதில்லை. அவை காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கின்றன, அவ்வளவுதான். அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படுசோம்பேறி. நாங்கள் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் காற்றைத்தான்.

அந்தக் காற்றுத்தான் கார் சீற்றில் எதிரியாகிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், பட்டி பிடிக்காத உடம்பு போய் மோதும் வேகம் மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். எங்கள் வழியிலுள்ள நெடுஞ்சாலை 17இன் வேக எல்லையான 90இல் அது பத்து மாடி. மோதும் கணத்தில் ஜக்கெற்றின் காற்று முழுவதும் நசுங்கி வெளியேறிவிடும். இறுக்கமாக இருந்த பட்டிக்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் நடுவில் திடீரென்று இடைவெளி. அந்த இடைவெளியில் பிள்ளை முன்னால் பாயும். தோள் பட்டியிலிருந்து நழுவவும் கூடும்.

வாயால் சொன்னால் அம்மா நம்பமாட்டார் என்று சீற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தேன். ஜக்கெற்றோடு மகளை இருத்தி, பட்டியை நன்றாக இறுக்கினேன். பிறகு பட்டியின் நீளத்தை மாற்றாமல் அவளை இறக்கி, ஜக்கெற்றைக் கழற்றி, மறுபடி பூட்டினேன். அவள் நெஞ்சுக்கும் பட்டிக்கும் இடையில் என் முழுக் கை போய்வந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை.

சரியான இறுக்கத்தை அறியவும் வழி இருக்கிறது. தோள் எலும்புக்குப் பக்கத்தில் பட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் அகப்பட்டால் இன்னும் தளர்வு. மெல்லிய உடுப்புகள் இரண்டு மூன்று, அதன்மேல் பட்டி, பட்டிக்கு மேலே போர்வை. ஜக்கெற்றை முன்பின்னாகத் திருப்பிக் கைகளில் மாட்டிவிட்டாலும் போதும். காற்றும் இருக்கும், பட்டியும் பிடிக்கும்.

சரி, வீதிக்கு வருவோம். சூ செயின்ற் மேரியிலிருந்து வாவா வரையான 225 கிலோமீற்றர்தான் இந்தப் பயணத்தில் என்னைக் கூடுதலாக யோசிக்கவைப்பது. இடப்பக்கம் சுப்பீரியர் ஏரி. 82,000 சதுர கிலோமீற்றர். இலங்கை முழுவதையும் உள்ளே போட்டாலும் மிச்சம் இருக்கும். அவ்வளவு தண்ணீர் கோடையின் சூட்டை எளிதில் விட்டுவிடாது. மார்கழியில் வடமேற்கிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, இன்னும் உறையாத அந்த நீர்ப்பரப்பைக் கடக்கும்போது அடியில் சூடாகி, ஈரத்தை அள்ளிக்கொண்டு மேலெழுகிறது. கிழக்குக் கரையின் குன்றுகளில் ஏறும்போது அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஓரிடத்தில் வெயில், பத்து நிமிடத்தில் எதிரே வரும் லொறிகூடத் தெரியாது. இந்தத் துண்டைப் பொலிஸார் அடிக்கடி மூடுவார்கள். மூடினால் பக்கத்தில் வேறு நல்ல வழி கிடையாது. ஆகவே சூவில் ஒரு நாள் உபரியாக ஒதுக்கிவிட்டேன். காலையில் ஒன்ராறியோ 511 சேவையில் வீதி நிலவரம் பார்க்காமல் சாவியைத் தொடுவதில்லை.

ரயர் பற்றியும் சொல்லவேண்டும். சாதாரண ரயரின் இறப்பர் 7 பாகைக்குக் கீழே விறைக்கத் தொடங்குகிறது. குளிர்கால ரயரின் இறப்பர் வேறு கலவை, குளிரிலும் இளகியே இருக்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டம். ஒன்ராறியோவில் சட்டமில்லை, பின்னால் பிள்ளை இருக்கும்போது சட்டத்துக்காக ஏன் காத்திருக்கவேண்டும்? ரயருக்குள் இருப்பதும் காற்றுத்தான், அதுவும் குளிரில் சுருங்கும். 15 பாகையில் 35 பவுண்ட் அழுத்தத்துக்கு நிரப்பிய ரயர், -25 பாகையில் 28 பவுண்டைத்தான் காட்டும். பயணத்தில் ஒவ்வொரு காலையும் அளந்து பார்க்கவேண்டும்.

எவ்வளவு நல்ல ரயருக்கும் ஓர் எல்லை உண்டு. 90 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் பிடித்தால் உலர்ந்த தாரில் ஏறத்தாழ 45 மீற்றரில் நிற்கும் கார், இறுகிய பனியில் நூறு மீற்றரைத் தாண்டும். வழுக்கும் பனிக்கட்டியில் முந்நூறையும் தாண்டலாம். கடுங்குளிரைவிட 0 பாகையை ஒட்டிய காலநிலை மோசம். அப்போது பனிக்கட்டியின்மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். -12க்குக் கீழே உப்பு போதிய வேகத்தில் பனியை உருக்காது; அதனால்தான் வடக்கே மணல் தூவுகிறார்கள்.

பனியில் கார் புதைந்து நின்றுவிட்டால் முதல் வேலை புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுவது. குழாய் அடைபட்டால் காபன் மொனொக்சைட் காருக்குள் வரும். இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஒட்டும் பலம் ஒட்சிசனைப்போல் 200 மடங்குக்கும் மேல். நிறமில்லை, மணமில்லை. பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 16 மூச்சு விடுகையில் நாலு வயதுப் பிள்ளை இருபதுக்கு மேல் விடுகிறது, உடம்பும் சிறியது. நஞ்சு முதலில் அவளைத்தான் பிடிக்கும். எஞ்சினை இடைவெளி விட்டுப் பத்துப் பத்து நிமிடம் ஓட்டி, காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்திருக்கவேண்டும். கைபேசி எடுக்காத இடங்கள் அந்த வழியில் ஏராளம். போர்வை, சுடுதண்ணீர்ப் போத்தல், சவள், அவளுக்குப் பிடித்த பிஸ்கட், மாற்று உடுப்பு எல்லாம் பின்பெட்டியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில்.

எனது திட்டம் நான்கு நாள், சூவின் உபரி நாள் தனி. சட்பரி, சூ, வைற் ரிவர் மூன்றிலும் ஒவ்வோர் இரவு, பிறகு தண்டர் பே. அங்கெல்லாம் அந்த நாட்களில் பகல் ஏறக்குறைய எட்டரை மணி நேரந்தான். இருட்டில் காட்டுக்குள்ளிருந்து மூஸ் மான் குறுக்கே வரும். கடைசி நாள் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் இருப்பதால் விடியும்போதே கிளம்பவேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி அவளை ஓடவிடுவோம், ஜக்கெற்றை ஒழுங்காகப் போட்டு. காற்றோடு சேர்ந்த குளிர் -28 ஆனால் திறந்த தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையலாம், ஆகவே ஓட்டம் ஐந்து நிமிடம்.

வாவாவில் இராட்சத வாத்துச் சிலை நிற்கிறது. ஒஜிப்வே மொழியில் அந்தப் பெயருக்குக் காட்டு வாத்து என்று பொருள். வைற் ரிவரில் ஒரு கரடிச் சிலை. 1914 ஆகஸ்டில், போருக்குப் போகும் வழியில், ஹரி கோல்பேர்ன் என்ற கால்நடை மருத்துவர் அந்த ஊர் ரயில் நிலையத்தில் இருபது டொலருக்கு ஒரு கரடிக்குட்டி வாங்கினார். தன் ஊரான வின்னிபெக்கின் நினைவாக அதற்கு வின்னி என்று பெயரிட்டார். இலண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போன அந்த வின்னிதான் வின்னி த பூவுக்குப் பெயர் கொடுத்தது. மகளுக்கு இது தெரிந்த நாள் முதல் பெரிய கேள்வி ஒன்றுதான்: கரடிக்கும் சீற் பெல்ற் போடவேண்டுமா?

நேற்றுப் பின்னேரம் அம்மா தன் பழைய கம்பளிப் போர்வையை மகளின் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டிருந்தார். தைத்து முடித்துவிட்டு, சீற்றில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தியிடம் போய்த் தோள் பட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்றார்.