உப்பை அளக்கும் கண்ணாடிக் குழல்

கடல்நீரின் உப்புத்தன்மையை அறிய அதனைக் காய்ச்சிப் பார்க்க வேண்டுவதில்லை. நீரில் கரைந்த உப்புகள் அயனிகளாகப் பிரிந்து மின்னோட்டத்தைக் கடத்துகின்றன. உப்பு மிகுந்தால் மின்கடத்துதிறனும் மிகும். வெப்பநிலையையும் அழுத்தத்தையும் உடன் அளந்தால் உப்பின் அளவைக் கணக்கிட்டுவிடலாம்.

இம்முறையில் இயங்குபவையே ஆர்கோ மிதவைகள். உலகப் பெருங்கடல்களில் ஏறத்தாழ 4000 மிதவைகள் உலவுகின்றன. இந்தியாவும் இத்திட்டத்தில் பங்கேற்கிறது. ஒவ்வொரு மிதவையும் 1000 மீட்டர் ஆழத்தில் தங்கி, ஏறத்தாழ 10 நாள்களுக்கு ஒருமுறை 2000 மீட்டருக்கு இறங்கி, அளந்தவாறே மேலெழுந்து, செயற்கைக்கோள் வழியே தரவுகளை அனுப்புகிறது. கடலில் விடப்பட்டபின் அதனைத் துடைத்துத் தூய்மை செய்வார் எவருமிலர்.

மின்கடத்துதிறனை அளக்கும் உணரி, பிளாட்டினம் மின்முனைகள் பதித்த ஒரு சிறு கண்ணாடிக் குழலாகும். கடலில் மூழ்கிய எப்பொருளின்மீதும் முதலில் நுண்ணுயிரிகள் மெல்லிய படலமாகப் படியும். பின்னர்ப் பாசியும், கப்பலடியில் ஒட்டி வளரும் கொட்டலசும் குடியேறும். குழலினுள் படலம் படிந்தால் மின்னோட்டம் செல்லும் வழி குறுகும். உணரி உப்பைக் குறைத்துக் காட்டும். கருவி முற்றிலும் பழுதானால் உடனே தெரிந்துவிடும். இப்பிழையோ சிறிது சிறிதாக வளர்வது. மழையாலோ பனி உருகுவதாலோ கடலின் உப்பு குறைகிறது என்று ஆய்வாளர் மயங்கக்கூடும்.

ஆகவே பல காப்புமுறைகள் கையாளப்படுகின்றன. மிதவை தங்கும் ஆழத்தில் ஒளியில்லை, குளிரும் மிகுதி, அங்கு உயிரிகள் படிவது குறைவு. மேற்பரப்பை நெருங்கும்போது, பல மிதவைகளில் குழலுக்குள் நீரைச் செலுத்தும் பம்பு நின்றுவிடும். எண்ணெயும் அழுக்கும் உட்புகா. குழலின் இரு முனைகளிலும் உயிரிகளை விலக்கும் நச்சுப்பொருள் வைக்கப்படுகிறது. டிரைபியூட்டைல் டின் என்னும் அந்நச்சு முன்னர்க் கப்பல் வண்ணப்பூச்சில் கலக்கப்பட்டது. அது சிப்பிகளையும் நத்தைகளையும் பாதித்தமையால், அப்பூச்சைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் உருவாகி 2008இல் நடைமுறைக்கு வந்தது. உணரியில் சிறிதளவே பயன்படினும், தீங்கு குறைந்த மாற்றுவழிகள் தேவைப்படுகின்றன. கரையோரக் கருவிகளில் செம்புக் கவசம், துடைப்பான், புறஊதா ஒளி ஆகியன பயன்படுகின்றன.

காப்பு மட்டும் போதாது, சரிபார்த்தலும் வேண்டும். ஆழ்கடலின் உப்புத்தன்மை மிக மெதுவாகவே மாறும். எனவே அவ்வாழத்து அளவுகளை, அப்பகுதியில் கப்பல்கள் முன்பு எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்துகின்றனர். மீட்கப்படும் கருவியைத் தூய்மை செய்வதற்கு முன்னும் பின்னும் சோதிக்கின்றனர். இரண்டிற்கும் உள்ள வேறுபாடே படிந்த அழுக்கு விளைத்த பிழையாகும்.

கடலின் மாற்றத்தைக் கருவியின் மாற்றத்திலிருந்து பிரித்தறிந்த பின்னரே அந்த எண் அறிவியல் சான்றாகிறது.