எண்ணி முடித்தார்கள், கணக்கு முடியவில்லை

கர்நாடக சட்டமன்றக் குழுக்கள் இரண்டு முறை பெங்களூரின் நிலத்தையும் ஏரியையும் அளந்து பார்த்தன. அறிக்கைகள் சபைக்கு வந்தன. அத்திபெலே போன்ற தொழில் ஊர்களில் மனை வாங்குபவரின் சந்தேகம் மட்டும் தீர்ந்தபாடில்லை.

ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் லாரிக்கு கர்நாடகத்தின் முதல் ஊர் அத்திபெலே. ஜூஜுவாடியைத் தாண்டினால் சுங்கச்சாவடி, பட்டாசுக் கடைகள், பிறகு வரிசையாகத் தொழிற்சாலைக் கொட்டகைகள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூர் சிப்காட். அந்தப் பக்கம் அத்திபெலே, பொம்மசந்திரா, ஜிகணி என்று நீளும் கர்நாடகத் தொழிற்பேட்டைகள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடிகளில் லாரிகள் காத்துக்கிடந்த காலம் மலையேறியது. ஆனால் இங்கே பட்டறை போட இடம் தேடும் சிறு தொழிலதிபருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. வாங்கப்போகும் நிலம் உண்மையிலேயே விற்கிறவருடையதா, அல்லது ஏரியுடையதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டவர்களில் சட்டமன்ற உறுப்பினர்களும் அடக்கம். சபை கூடுகிற நாட்களில் கூச்சலும் வெளிநடப்பும்தான் செய்தியாகின்றன. கர்நாடக சட்டமன்றம் ஆண்டுக்கு 60 நாளாவது கூட வேண்டும் என்று 2005-லேயே சட்டம் உண்டு. அதை முழுதாகக் கடைப்பிடித்தாலும் ஆண்டில் 300 நாள் மிச்சம். அந்த இடைக்காலத்தில்தான் குழுக்கள் வேலை செய்கின்றன. பொதுக்கணக்குக் குழு, பொதுத்துறை நிறுவனங்கள் குழு போன்ற நிரந்தரக் குழுக்கள் ஒரு பக்கம். ஒரே ஒரு விஷயத்தை ஆராய்வதற்காகச் சபை அமைக்கும் குழு இன்னொரு பக்கம். கன்னடத்தில் இதற்குப் பெயர் 'சதன சமிதி'. அதிகாரிகளைக் கூப்பிடலாம், கோப்புகளைக் கேட்கலாம், நேரில் போய்ப் பார்க்கலாம். கட்சி பேதமின்றி எல்லாத் தரப்பு உறுப்பினர்களும் ஒரே மேஜையில் உட்கார்வார்கள்.

வெளிநாட்டில் இதை வணிக உலகம் எவ்வளவு கூர்ந்து கவனிக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் நல்ல உதாரணம். அங்கே சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதிகபட்சம் 140 நாள்தான் வழக்கமாகக் கூடும். கூடாத காலத்தில் ஒவ்வொரு குழுவும் எதை ஆராய வேண்டும் என்று சபைத் தலைவர்கள் பட்டியல் வெளியிடுவார்கள். பட்டியல் வந்ததுமே வர்த்தக சங்கங்கள் அதை வரிவிடாமல் படித்துவிடும். காரணம் எளிது. இன்று ஆய்வுத் தலைப்பாக இருப்பது நாளை மசோதாவாக வரக்கூடும்.

கர்நாடகத்தில் அப்படி வணிகர்களின் வயிற்றில் புளியைக் கரைத்த முதல் பெரிய தலைப்பு, பெங்களூர் நகர மாவட்டத்தின் அரசு நில ஆக்கிரமிப்பு. அத்திபெலே அடங்கிய ஆனேக்கல் தாலுகாவும் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2006-ல் மதச்சார்பற்ற ஜனதா தள உறுப்பினர் ஏ.டி. ராமசாமி தலைமையில் இரு அவைகளின் கூட்டுக்குழு அமைந்தது. 2007-ல் அது தந்த கணக்கு தலைநகரைத் தூக்கிவாரிப் போட்டது: இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 27,336 ஏக்கர் அரசு நிலம் ஆக்கிரமிப்பில்.

அடுத்த தலைப்பு ஏரிகள். 2014-ல் காங்கிரஸ் உறுப்பினர் கே.பி. கோளிவாட் தலைமையில் குழு. பெங்களூர் நகர, ஊரக மாவட்டங்களின் 1,547 ஏரிகளை அது எடுத்துக்கொண்டது. 2017 நவம்பரில் பெலகாவி கூட்டத்தொடரில் வைத்த அறிக்கையின்படி, ஏரிகளின் மொத்தப் பரப்பு 57,932 ஏக்கர். அதில் 10,472 ஏக்கர் பறிபோயிருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பறித்தவர்கள் தனியார் மட்டுமல்ல, அரசு அமைப்புகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதுதான் கசப்பான செய்தி. வேலியே பயிரை மேய்ந்த கதை.

இரண்டு அறிக்கைகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. வந்த நேரம் சரியில்லை. ராமசாமி குழு வேலையை முடித்த அதே 2007-ல், அக்டோபரில் ஆட்சி கவிழ்ந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. கோளிவாட் அறிக்கை வந்த ஆறாவது மாதம் தேர்தல். சபையும் மாறியது, அரசும் மாறியது. சட்டமன்றக் குழு இடிக்கச் சொல்லி உத்தரவிட முடியாது, வழக்குப் போட முடியாது. பரிந்துரைக்கத்தான் முடியும். செய்ய வேண்டியது அரசு. கேள்வி கேட்க வேண்டிய உறுப்பினர்களே அடுத்த சபையில் இல்லாவிட்டால், அறிக்கை அலமாரிக்குப் போகும்.

பலனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ராமசாமி குழு கிளப்பிய விவாதத்தின் வழியில் நில அபகரிப்புத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பெயரில் 2011 என்று இருக்கிறது. அமலுக்கு வந்தது 2014-ல். சிறப்பு நீதிமன்றம் இயங்கத் தொடங்கியது 2016-ல். எண்ணி முடித்ததற்கும் விசாரிக்க ஆரம்பித்ததற்கும் இடையே ஒன்பது வருடம்.

இந்த இடைவெளியில் லாபம் யாருக்கு? ஆக்கிரமித்தவருக்கு. நிலத்தை மனையாகப் பிரித்து விற்றுவிட்டு நகர்ந்துவிட அவருக்கு அவகாசம் கிடைக்கிறது. நஷ்டம் யாருக்கு? பத்திரத்தை நம்பிப் பணம் போட்ட கடைசி ஆளுக்கு. 2015 ஏப்ரலில் பெங்களூர் சாரக்கி ஏரியில் அரசு இயந்திரங்கள் இறங்கியபோது இடிபட்ட வீடுகளில் இருந்தவர்கள் பலர், காசு கொடுத்து வாங்கியவர்கள்.

விதியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஏரிக்கரையிலிருந்து 30 மீட்டர் விட்டுக் கட்டலாம் என்று இருந்தது. 2016 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதை 75 மீட்டர் ஆக்கியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உயர்வை ரத்து செய்தது. மூன்று வருடத்துக்குள் இரண்டு முறை கோடு நகர்ந்தால், வங்கிக் கடன் வாங்கிக் கட்டடம் எழுப்புகிறவர் எந்தக் கோட்டை நம்புவார்?

ஏரியைக் காப்பது தொழிலுக்கு எதிரி என்ற வாதமும் 2022-ல் தண்ணீரில் கரைந்துபோனது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 30 மழையில் வெளிவட்டச் சாலை ஸ்தம்பித்தது. அன்று ஒரு நாளில் மட்டும் 225 கோடி ரூபாய் இழப்பு என்று அங்குள்ள நிறுவனங்களின் சங்கம் முதல்வருக்கு எழுதியது. அடைபட்ட ராஜகாலுவேக்களும் சுருங்கிய ஏரிகளும் தண்ணீருக்கு வழிவிடாததுதான் பெரிய காரணம். குழுக்கள் எச்சரித்ததும் இதைத்தான். அறிக்கையைத் தூங்கவிட்டதற்கான வட்டியை வணிக உலகமே கட்டியது.

ஆகவே அத்திபெலே பக்கம் இடம் பார்ப்பவர்கள் தாங்களே சில காரியங்களைச் செய்துகொள்வது நல்லது. சர்வே எண்ணை வைத்துப் பழைய கிராம வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய் குறுக்கே ஓடுகிறதா என்பது அதில் தெரியும். பகாணியில் 'பி-கராப்' என்று குறித்திருந்தால் அது பாதை, நீர்நிலை போன்ற பொதுப் பயனுக்கான நிலம். 'கோமாளம்' என்றால் மேய்ச்சல் நிலம். விற்பவர் எவ்வளவு தேனொழுகப் பேசினாலும் அந்தப் பகுதிக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது.

சட்டமன்றம் செய்ய வேண்டியதும் கடினமானதல்ல. ஒரு குழு கலையும்போது அதன் பரிந்துரைகளை அடுத்த சபையின் குழு ஏற்றுக்கொண்டு, ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று என்று வருடம் ஒருமுறை கேட்கலாம். எந்த சர்வே எண்ணில் சிக்கல், எதில் இல்லை என்பதைப் பதிவு அலுவலகத்திலேயே தெரியும்படி செய்யலாம். அப்படிச் செய்தால் நேர்மையான தொழிலதிபரின் பயம் போகும். ஆக்கிரமிப்பாளருக்குப் பயம் வரும். இப்போது நடப்பது நேர் எதிர்.