கை நடுங்கினால் காட்சியும் நடுங்கும்

எங்கள் ராத்தாவின் கலியாணத்தில் பெண்கள் பகுதியை வீடியோ எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. நிக்காஹ் நடந்த பள்ளிவாசலிலும் ஆண்கள் பகுதியிலும் எடுப்பதற்கு ஒருவர் வந்திருந்தார். பெண்கள் இருக்கும் பக்கம் அவர் வரமாட்டார். "நீதானே எந்த நேரமும் போனும் கையுமா இரிக்கிற, நீயே எடு" என்று உம்மா சொல்லிவிட்டார்.

படத்தில் வர விரும்பாதவர்களை முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தேன். அடுத்த நாள் தொலைக்காட்சியில் போட்டபோது பத்து நிமிடத்துக்குள் சாச்சி தலை சுற்றுகிறது என்று எழும்பிப் போய்விட்டார். கடலில் வள்ளத்திலிருந்து எடுத்தது போல எல்லாம் ஆடியது. ராத்தா ஒன்றை மட்டும் கேட்டார்: "உம்மும்மா எனக்கு துஆ கேட்ட இடம் இரிக்கிதா?" இருந்தது. நாற்பது வினாடிகள். அதுவும் ஆடியது.

அந்த நாற்பது வினாடிகளைத் திருத்தப் போய்க் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

நாம் நடக்கும்போது நம் கண்முன் உலகம் ஆடுவதில்லை. தலை அசைவதை உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு உணர்ந்துகொள்கிறது. உடனே கண்கள் எதிர்ப்பக்கமாகத் திரும்பி அதை ஈடுசெய்கின்றன. போனைப் பிடித்திருக்கும் கைக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. மூச்சு, நடை, சிரிப்பு எல்லாம் அப்படியே படத்துக்குள் போகின்றன. பார்ப்பவரின் உடல் கதிரையில் சும்மா இருக்க, கண் மட்டும் அசைவைக் காண்கிறது. சாச்சிக்குத் தலை சுற்றியது அதனால்தான்.

போன் இலேசானது என்பதும் ஒரு குறை. பாரமான பொருளைச் சிறு நடுக்கம் எளிதில் அசைக்காது. 1970களில் கரெட் பிரவுன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய 'ஸ்டெடிகாம்' என்னும் கருவி இந்த உண்மையைப் பயன்படுத்தியது. கமராவை ஒரு கம்பத்தில் பொருத்தி, அதன் பாரத்தைப் பிரித்து வைத்து, வில்லுள்ள ஒரு கையினால் எடுப்பவரின் உடலோடு இணைத்தார். ஓடிக்கொண்டு எடுத்தாலும் காட்சி மிதந்து போவது போல வந்தது.

நம்மிடம் அந்தக் கருவி இல்லை. ஆனால் சுவரும் தூணும் மேசையும் இருக்கின்றன. போனை இரு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டால் பாதி ஆட்டம் நின்றுவிடும். ஒரு காட்சியைப் பத்து வினாடிகளாவது அசையாமல் எடுக்க வேண்டும். நான் செய்த பெரும் பிழை, ஒரே ஓட்டமாக முகம் முகமாகத் திரும்பிக்கொண்டே இருந்ததுதான்.

இரண்டாவது பிழை, தூரத்தில் நின்று ஸூம் செய்தது. உருவம் நான்கு மடங்கு பெரிதானால் ஆட்டமும் நான்கு மடங்கு பெரிதாகும். கிட்டப் போய் எடுப்பதே நல்லது. மூன்றாவது, வெளிச்சம் குறைந்த மூலையில் எடுத்தது. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு படத்தையும் பதிய போன் கூடுதலான நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் கை அசைந்தால் படமே கலங்கிவிடும். ஆட்டத்தைப் பிறகு குறைக்கலாம். கலங்கலைத் தெளிவாக்குவது மிகக் கடினம்.

இனித் தொகுப்பு வேலை. 'ஸ்டெபிலைஸ்' என்ற வசதி பல செயலிகளில் உண்டு. அது ஒரு படத்தில் சில புள்ளிகளைத் தெரிந்தெடுத்து, அடுத்த படத்தில் அவை எங்கே நகர்ந்துள்ளன என்று பார்த்து, படத்தை அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்துகிறது. அப்படி நகர்த்தும்போது ஓரங்களில் வெற்றிடம் தோன்றும். அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடும். ஆட்டம் கூடக்கூட வெட்டும் கூடும். ஆகவே எடுக்கும்போதே நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க வேண்டும். தலையை ஒட்டி எடுத்தால் முக்காடும் நெற்றியும் வெட்டுப்படும்.

உம்மும்மாவின் காட்சியில் நான் அந்த வசதியை உச்சத்தில் வைத்துப் பார்த்தேன். துஆவுக்கு ஏந்திய அவரது கைகளை நான் ஸூம் செய்து எடுத்திருந்தேன். முதுமையால் அந்தக் கைகள் இயல்பாகவே நடுங்கும். செயலி அந்தக் கைகளையே அசையாத பொருளாக எடுத்துக்கொண்டது. கைகள் கல் போல நின்றன. பின்னாலிருந்த சுவரும் ராத்தாவின் தலையும் ஆடின. பார்க்கவே மனம் கேட்கவில்லை. அழித்துவிட்டேன்.

பிறகு வேறு வழியில் செய்தேன். நாற்பது வினாடிகளில் என் கை ஓரளவு நிலையாக இருந்தது ஒன்பது வினாடிகள். அதை மட்டும் படமாக வைத்தேன். துஆவின் குரலை ஓரிடமும் வெட்டவில்லை. மிச்ச நேரத்துக்கு ராத்தாவின் மருதோன்றிக் கை, குனிந்த முகம், பக்கத்தில் இருந்த உம்மா என்று அசையாமல் எடுத்திருந்த துண்டுகளைக் குரலின்மேல் வைத்தேன். குரல் தொடர்ந்து வந்தால் காட்சி மாறுவதைக் கண் குறையாக எண்ணுவதில்லை. இரண்டு மணித்தியாலம் இருபத்தைந்து நிமிடமானது. சாச்சி கடைசி வரை இருந்து பார்த்தார்.

தொகுத்து முடிந்ததும் மூலப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும். கணினியிலோ வேறொரு சேமிப்பிலோ அப்படியே பிரதி எடுத்து வையுங்கள்.

கலியாணம் முடிந்து எட்டாம் மாதம் உம்மும்மா வபாத்தானார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. இப்போது ராத்தா கேட்பது நான் அழகாகத் தொகுத்த வீடியோவை அல்ல. அந்த நாற்பது வினாடி மூலத்தைத்தான். அதில் உம்மும்மாவின் கை நடுக்கம் அப்படியே இருக்கிறது. என் கை நடுக்கமும் சேர்ந்து இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் வீட்டில் அடுத்த விசேஷம் வரும்போது, வயதானவர்கள் பேசும் இடத்தில் ஒரு சுவரில் சாய்ந்து நில்லுங்கள். மூச்சை மெதுவாக விட்டு, பத்து வரை எண்ணுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.