படத்தில் நிற்பவர்களுக்குப் பெயர் உண்டு



நினைவைப் போற்றுவதற்காகக் கூடியிருக்கும் இந்த அவையில், நம் வீட்டுச் சுவர்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும் இருக்கும் பழைய குடும்பப் படங்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவற்றை உறவின் நினைவாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அவை நம் சமூக வரலாற்றின் ஆவணங்கள். அவற்றை எப்படி வாசிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒடுக்கப்பட்ட மக்களைக் கேமரா முதலில் படமெடுத்தது அவர்கள் விரும்பிக் கேட்டதால் அல்ல. 1868 முதல் 1875 வரை காலனிய அரசு 'இந்திய மக்கள்' என்ற எட்டுத் தொகுதிகளை வெளியிட்டது. அதில் மனிதர்கள் சாதிவாரியாக, இனவாரியாக, மாதிரிகளாக நிறுத்தப்பட்டார்கள். 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். அவருடைய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' 1909இல் ஏழு தொகுதிகளாகப் படங்களோடு வந்தது. இத்தகைய படங்களின் கீழே பெரும்பாலும் சாதியின் பெயர் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது.

குடும்பப் படம் இதற்கு நேர் எதிரானது. நாமே காசு கொடுத்து, நாமே உடுத்திக்கொண்டு, நாமே போய் நின்ற படம் அது. அந்த உடுப்பின் பொருள் விளங்க வேண்டுமானால் ஒரு பட்டியலைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவுசெய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் மட்டும்தான். பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மறுத்தவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன; கால்நடைகள் கொள்ளையடிக்கப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பதும் அவற்றில் ஒன்று.

இப்போது உங்கள் வீட்டுப் பழைய படத்தைப் பாருங்கள். தாத்தா முழுக்கைச் சட்டையோடு, கிராப்பு வாரி, செருப்புக் காலோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாட்டி ரவிக்கை போட்டு, பூ வைத்து நிற்பார். பிள்ளையின் கையில் ஒரு புத்தகம் இருக்கும். தடைப்பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் அந்தப் படத்தில் பதில் இருக்கிறது. கோட்டும் கைக்கடிகாரமும் ஸ்டுடியோவில் இரவல் வாங்கியவையாக இருக்கலாம். தன்னை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று எடுத்த முடிவு இரவல் அல்ல.

அந்தப் படம் எங்கே எடுக்கப்பட்டது என்றும் கேளுங்கள். கோலார் தங்க வயல், பட்டாளம், ரயில்வே, இலங்கைத் தோட்டம், பர்மா என்று பதில் வரலாம். ஊரை விட்டு வெளியேறி, கூலியைக் காசாகப் பெற்ற இடங்கள் அவை. பண்ணையில் நெல்லாகக் கூலி வாங்கியவர்களுக்கு ஸ்டுடியோ எட்டாத தூரம்.

ஆகவே, படம் இல்லாததும் வரலாறுதான். படம் நிலைக்க, சுவரும் கூரையும் நிலைக்க வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியில் வீடுகளைக் கொளுத்தினார்கள். எரிந்த பீரோவுக்கு நிவாரணம் கேட்கலாம். எரிந்த படத்துக்கு நெகட்டிவ் எங்கே தேடுவது? பாட்டிகள் பலருக்கோ, 1993இல் அறிமுகமான வாக்காளர் அடையாள அட்டைதான் முதல் படம். இறந்தபின் அதையே பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறோம். அப்படிப்பட்ட வீடுகளில் பெரியவர்களின் பேச்சுதான் ஆவணம்.

மாணவர்கள் உடனே செய்யக்கூடிய வேலைகள் சில. படத்தைச் சட்டத்திலிருந்து பிய்க்காதீர்கள். பளபளப்பு விழாத வெளிச்சத்தில் செல்பேசியில் பிரதி எடுங்கள். பின்பக்கம் தெரிந்தால் ஸ்டுடியோ முத்திரையையும் எடுங்கள். இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் பெயர், உறவுமுறை, ஊர், தொழில் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதுங்கள். பெண்களை 'இன்னாரின் மனைவி' என்று முடித்துவிடாமல் அவர்களின் சொந்தப் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பெரியவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள். அவர்கள் பேச விரும்பாததைத் தோண்டாதீர்கள். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள்.

தர்ஸ்டனின் தொகுதிகள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. நம் படங்களில் இருப்பவர்களின் பெயர்களோ எழுபது, எண்பது வயதைக் கடந்த சிலரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்களோடு அந்தப் பெயர்களும் போய்விட்டால், நம் தாத்தா பாட்டிகளும் பெயரில்லாத மாதிரிகளாகிவிடுவார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவோம்.