கடைவாயில் ஒதுக்கிய புகையிலை

உங்கள் வீட்டில் வெற்றிலைப் பெட்டி உண்டா? பெட்டி இல்லாவிட்டால் போகட்டும்; பாட்டியின் இடுப்பில் ஒரு சுருக்குப் பையாவது இருக்கிறதா? இருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் அந்தப் பாட்டியிடம் போய், "கொஞ்சம் வாயைத் திற, பார்க்கிறேன்" என்று கேளுங்கள். திட்டுவாள். பரவாயில்லை, கேளுங்கள்.

எனக்கு இந்த யோசனை தாமலில் உதித்தது. சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். நான் போனது அங்குள்ள பெரிய ஏரியைப் பார்த்து எழுத. கரையோரம் ஒரு மரத்தடியில் களை பறித்துவிட்டு வந்த பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள் சுருக்குப் பையை அவிழ்த்தாள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வரிசையாக வந்தன. கடைசியில் ஒரு துண்டுப் புகையிலையைக் கிள்ளி, உருட்டி, இடது கடைவாயில் ஒதுக்கிக்கொண்டாள். அந்த லாகவத்தைப் பார்த்தால் அறுபது வருஷப் பழக்கம் என்று சொல்லலாம். நாற்பத்தைந்துதானாம்.

"பல்லு வலிக்குன்னு எங்க மாமியார் குடுத்தாங்க தம்பி. பல்லு வலி போச்சு, இது போவல. இது இல்லாட்டி குனிஞ்சு நிமிர முடியுமா? பசியே தெரியாது."

பேச்சுக்கிடையில் அவள் வாய் விட்டுச் சிரித்தபோது இடது கன்னத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு வெள்ளைத் திட்டும், அதன் நடுவே சிவந்த ஒரு புண்ணும் தெரிந்தன. அது என்னவென்று கேட்டேன்.

"அதுவா, சுண்ணாம்பு சுட்ட எடம். ஆடி மாசத்துலேருந்து இருக்குது. வலியே இல்ல. வலிச்சா போயி காட்ட மாட்டேனா?"

அப்போது கார்த்திகை நடந்துகொண்டிருந்தது.

வாசகர்களே, இந்த "வலியே இல்ல" என்ற சொல்லில்தான் விஷயமெல்லாம் அடங்கியிருக்கிறது. வாய்ப் புற்று ஆரம்பத்தில் வலிக்காது. நெருஞ்சி முள் குத்தினால் உடனே குனிந்து பார்க்கிறோம். வலிக்காத புண்ணை யார் பார்க்கிறார்கள்? அது வலிக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் தசைக்குள்ளும் தாடை எலும்புக்குள்ளும் இறங்கியிருக்கும்.

நம்மை ஏமாற்றுவதில் புகையிலையின் பெயருக்கும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். புகைக்கிற இலை என்று பெயர் வைத்துவிட்டோம். ஆகவே புகைத்தால்தான் கெடுதல், மென்றால் பாதகமில்லை என்று ஒரு நினைப்பு. பீடி பிடிக்கும் மகனைக் கண்டித்துவிட்டு, அதே கையால் புகையிலை கிள்ளும் தாயார்கள் எத்தனை பேர்! 2016-17-ல் இந்தியா முழுவதும் எடுத்த சர்வேயில், பெரியவர்களில் நூற்றுக்கு 10.7 பேர் புகைப்பவர்கள்; புகையில்லாமல் மெல்லுகிறவர்கள், ஒதுக்குகிறவர்கள், பல்லில் தேய்க்கிறவர்கள் 21.4 பேர். சரியாக இரண்டு மடங்கு. பெண்களில் புகைப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். மற்ற வகையில் உபயோகிப்பவர்களோ 12.8 பேர்.

வாய்க்குள் என்ன நடக்கிறது? புகையிலையில் நிகோடின் என்ற சரக்கு இருக்கிறது. பசியை அடக்குவதும், சுறுசுறுப்புத் தருவதும், பிறகு விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்வதும் அதன் வேலை. அதோடு சுண்ணாம்பு சேர்ந்தால் காரத்தன்மை ஏறி, நிகோடின் கன்னத்தின் மெல்லிய தோல் வழியாகச் சீக்கிரம் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. நம் முன்னோர் ரஸாயனம் படிக்காமலே இந்த வித்தையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்! ஆனால் நிகோடினோடு வேறு விருந்தாளிகளும் வருகிறார்கள். புகையிலையைப் பதப்படுத்தும்போதும் சேமித்து வைக்கும்போதும் நைட்ரோசமைன் என்ற நச்சுப் பொருள்கள் அதில் உண்டாகின்றன. புற்றை உண்டாக்குவதில் இவை முதல் வரிசை. புகை பிடிப்பவன் சில நிமிஷங்களில் பீடியை எறிந்துவிடுகிறான். புகையிலை ஒதுக்குகிறவள் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அதை ஊற வைக்கிறாள். சிலர் இரவில் கடைவாயில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுவதும் உண்டு. ஒதுக்குகிற இடம் எதுவோ, புண் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள அந்தப் பள்ளத்தில் வரும் புற்றுக்கு "இந்தியப் புற்று" என்றே வைத்திய நூல்களில் ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. பெருமைப்பட வேண்டிய பெயரல்ல.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது தென் திருவிதாங்கூர். அங்கேயிருந்த மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு ஓர் ஆச்சரியம்: தங்கள் சீமையில் அபூர்வமாகப் பார்த்த வாய்ப் புற்று, இங்கே கூட்டம் கூட்டமாக வருகிறதே! டாக்டர் பென்டால் என்பவர் 1908-ல், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்று நோயாளிகளைப் பற்றி பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். 1933-ல் டாக்டர் ஆர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றைப் பற்றி "லான்செட்" பத்திரிகையில் விரிவாக எழுதினார். எவரெஸ்ட் சிகரத்தில் ஏற 1922-லும் 1924-லும் முயன்ற கோஷ்டிகளில் இருந்த டாக்டர் ஸாமர்வெல்கூட நெய்யூரில் வருஷக்கணக்காகக் கத்தி பிடித்தவர்தான். பனிமலையை விட்டு இறங்கி வந்தவருக்கு இங்கே காத்திருந்தது, கன்னம் ஓட்டையாகிப்போன ஜனங்கள்.

நம் புலவர்களோ புகையிலையைத் தூது விட்டார்கள். சீனிச்சர்க்கரைப் புலவரின் "புகையிலை விடு தூது" என்ற நூலே இருக்கிறது; உ.வே. சாமிநாதையர் தேடிப் பதிப்பித்தார். போர்த்துகீசியர் கொண்டுவந்த இலை எவ்வளவு சீக்கிரம் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது, பாருங்கள்.

தாமல் மூதாட்டியிடம், "காரப்பேட்டைக்குப் போய்க் காட்டுங்களேன், பக்கத்தில்தானே இருக்கிறது" என்றேன். காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் சர்க்கார் புற்று நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கியது. காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, 1967-ல் முதல் மந்திரியானவர். வெற்றிலைப் புகையிலையும் பொடியும் அவரோடு கூடவே இருந்த பழக்கங்கள். உணவுக் குழாயில் புற்று என்று தெரிந்து, 1968 செப்டம்பரில் நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. திரும்பி வந்தார். 1969 பொங்கலன்று கலைவாணர் சிலைத் திறப்பு விழாவுக்கு வந்தவர், பிப்ரவரி 3-ம் தேதி மறைந்தார். வயது ஐம்பத்தொன்பது. ஒரு தனி மனிதருடைய வியாதிக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஆனால் மெல்லும் புகையிலை வாயோடு நிற்பதில்லை, உணவுக் குழாயிலும் கணையத்திலும்கூடப் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்று நோய் ஆராய்ச்சிக் கழகம் தீர்மானமாகச் சொல்லியிருக்கிறது.

புற்று வராதவர்களும் தப்பினார்கள் என்று நினைக்க வேண்டாம். ஈறு கரைந்து பல் வேர் தெரியும், பல் ஆடும். ரத்த அழுத்தமும் இருதயமும் தொந்தரவு கொடுக்கும். கர்ப்பிணி புகையிலை போட்டால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். வயிற்றிலேயே இறந்தும் போகலாம். "ஒரு துண்டுதானே" என்று மருமகளுக்கும் கிள்ளிக் கொடுக்கும் மாமியார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாக்கும் குற்றவாளிதான் என்று அதே கழகம் 2004-ல் வெளியிட்ட நூலில் தீர்ப்புக் கூறிவிட்டது. பாக்கு அதிகமானால் கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுகிவிடும். மிளகாய் பட்டால் எரியும். நாளாவட்டத்தில் வாய் திறக்காது. 1952-ல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு முதன்முதலில் எழுதினார்கள். இன்று பாக்கெட் பாக்கு மெல்லும் காலேஜ் பையன்களிடம் காண்கிறார்கள். தமிழ்நாட்டில் 2013-லேயே குட்காவுக்குத் தடை போட்டார்கள். தடை காகிதத்தில் இருக்க, பாக்கெட் பெட்டிக்கடையின் பின்புறம் இருப்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா? இப்படி இறுகிய வாய் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. உங்கள் மூன்று விரல்களை நிறுத்தி வைத்தாற்போல் வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

வயிற்றுக்குள் வரும் வியாதியைப் பார்க்க எத்தனையோ யந்திரங்கள் வேண்டும். வாய்க்கு ஒரு கண்ணாடியும் வெளிச்சமும் போதும். திருவனந்தபுரத்தில் 1996-ல் தொடங்கி இதைச் செய்து பார்த்தார்கள். பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில், இப்படிப் பார்த்த ஊர்களில் வாய்ப் புற்றால் ஏற்பட்ட மரணம் பார்க்காத ஊர்களைவிட நூற்றுக்கு 34 பங்கு குறைவு என்று 2005-ல் வெளியான முடிவு சொல்கிறது. சிறியதாக இருக்கும்போது பிடித்தால் பெரும்பாலும் வெட்டி எடுத்துக் குணப்படுத்திவிடலாம்.

எதைப் பார்க்க வேண்டும்? வெள்ளைத் திட்டு அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி, விழுங்குவதில் சிரமம். கன்னத்தை விரலால் இழுத்து உட்பக்கம், நாக்கை மடக்கி அடிப்பக்கம், உதட்டைப் புரட்டி ஈறு, எல்லாம் பார்க்க வேண்டும்.

பழக்கத்தை விடுவது சுலபமென்று நான் பொய் சொல்லப் போவதில்லை. காபியை விட முடியாமல் மூன்று முறை தோற்றவன் நான். முதல் வாரம்தான் மிகவும் கஷ்டம். ஆசை எழுந்தால் சில நிமிஷம் தாக்குப் பிடித்தால் அடங்கிவிடும். அந்த நேரத்துக்கு ஒரு கிராம்போ ஏலக்காயோ சோம்போ போதும். பாக்கு கூடாது. 1800-11-2356 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்தால் யோசனை சொல்கிறார்கள். விட்ட பிறகு சிலருக்கு வெள்ளைத் திட்டுக்கூட மறைந்துவிடுகிறது.

இவ்வளவையும் அந்த மரத்தடியில் நான் சொல்லவில்லை, பாதிதான் சொன்னேன். மூதாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தம்பி, பேத்திக்கு மாப்பிள்ள பாத்துக்கினு இருக்கோம். இப்போ நான் போயி அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா, 'அந்தக் குடும்பத்துல புத்து இருக்குது'ன்னு ஊரு பேசாதா? தை பொறக்கட்டும். கல்யாணம் முடிஞ்சதும் போறேன்."

புற்று தொற்று வியாதியல்ல, புகையிலைப் புண் பேத்திக்கு வராது என்றெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலுக்கு "சரி" என்று அர்த்தமில்லை.

அப்போது சாப்பாட்டுத் தூக்கோடு பேத்தியே வந்து சேர்ந்தாள். காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலையாம். நான் பேசியதில் பாதி அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். தூக்கைக் கீழே வைத்தாள். கைப்பேசியில் விளக்கை ஏற்றினாள்.

"ஆயா, வாயைத் திற."

"போடி, வேலையப் பாரு."

"திற ஆயா!"

திறந்தாள். பேத்தி வெகு நேரம் பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அங்க சீட்டு எத்தனை மணிக்கு சார் குடுப்பாங்க?" என்றாள்.

"காலையிலேயே போய்விடுவது நல்லது அம்மா."

"நாளைக்கு லீவு சொல்லிடறேன்."

கிழவி கொஞ்ச நேரம் பேசவில்லை. கடைவாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்தாள். பிறகு பேத்தியிடம், "அந்தப் பச்சப் பொடவ காஞ்சிருச்சாடி?" என்று கேட்டாள்.