வடநெம்மேலிக்குத் தெரிந்தது, நமக்குத் தெரியாதது

2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற இருளர்கள் யார் யார்? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் யோசிக்காமல் சொல்வார்கள்: வடிவேல் கோபால், மாசி சடையன். செங்கல்பட்டு மாவட்டத்துப் பாம்புபிடி வல்லுநர்கள். நடப்பு நிகழ்வுகள் பகுதியில் ஒரு மதிப்பெண். அதே பிள்ளைகளிடம், வீட்டில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவோம், பிளேடால் கீறிவிடுவோம், வாயால் உறிஞ்சித் துப்புவோம் என்பார்கள். மூன்றுமே தவறு. மூன்றுமே ஆளைக் கொல்லக்கூடியவை.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பொது அறிவு என்றாலே தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடக்கூடியது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். பரிசு வாங்கியவரின் பெயர் நம்மிடம் இருக்கிறது. எதற்காகப் பரிசு கொடுத்தார்களோ, அந்த அறிவு நம்மிடம் இல்லை. அது இல்லாததால் உயிர் போகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள்.

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது வடநெம்மேலி. ரோமுலஸ் விட்டேகர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையை எல்லோருக்கும் தெரியும். இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இயங்குவதும் அந்த வளாகத்தில்தான். 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையாலும் பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோனது. தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்களுக்குக் கஞ்சிக்கு வழியில்லாமல் போயிற்று. விட்டேகரும் அவர்களும் சேர்ந்து 1978இல் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பாம்பைக் கொன்று தோலை உரித்தவர்கள், உயிரோடு பிடித்து விஷம் எடுப்பவர்களாக மாறினார்கள்.

வேலை நடக்கும் விதம் இது. வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் நான்கு வகைப் பாம்புகளை மட்டும் பிடிக்கிறார்கள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பிடித்த பாம்பை மண்பானையில் விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். சில வாரங்கள் வைத்திருந்து, இடைவெளி விட்டு விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். உலர்த்திப் பொடியாக்கிய விஷம் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே அதைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலில் செலுத்துகிறார்கள். குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தால் விஷமுறிவு மருந்து. நாட்டின் எந்த மூலையிலும் அரசு மருத்துவமனையில் நோயாளிக்கு ஏறும் அந்த மருந்தில், பெரும்பாலும் இந்தக் கடற்கரை இருளரின் கைவேலை இருக்கிறது.

புற்றின் வாய் வழவழப்பாக இருக்கிறதா, உரித்த சட்டை எத்தனை நாள் பழசு, மணலில் இழுத்த தடம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தே உள்ளே என்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். இந்தத் தேர்ச்சியை அமெரிக்கா தேடி வந்தது. 2017இல் ஃபுளோரிடாவின் சதுப்புக் காடுகளில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க வடிவேலையும் மாசியையும் அங்கே அழைத்துப் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். நாம் அவ்வளவு தூரம் தேட வேண்டியதில்லை; ஆண்டுதோறும் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் ஆயிரக்கணக்கான இருளர்கள் கூடுகிறார்கள். சேலைகளைக் கட்டிக் கூடாரம் போட்டுக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். சுற்றுலா வந்தவர்கள் அதைப் படம் பிடித்துப் போகிறார்கள். பாம்பைப் பற்றி இவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாமே என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

நாம் வேறு கதைகளை நம்பிக்கொண்டிருக்கிறோம். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறி, செத்தவனை எரிக்கும் புகையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குமாம். அதற்கு மனிதனைக் கொல்லும் விஷமே கிடையாது. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்துமாம், மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலையாம். புற்றுக்குப் பால் ஊற்றிக் கும்பிடுகிற கைதான், கொல்லையில் சாரைப்பாம்பைக் கண்டால் தடியை எடுக்கிறது. எலியைத் தின்று நெல்லைக் காக்கும் சாரை, நல்ல பாம்பு என்று தவறாக நினைக்கப்பட்டு அடிபட்டுச் சாகிறது. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு பாறையின் நடுப்பிளவில், கைகூப்பியபடி மேலேறும் நாகராஜனைப் பல்லவச் சிற்பி அத்தனை மதிப்போடு செதுக்கியிருக்கிறான். பக்தியும் பயமும் நம்மிடம் வேண்டிய மட்டும் இருக்கின்றன. பாம்பை உற்றுப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

இந்த அறியாமையின் விலை கட்டுவிரியனிடம் தெரியும். அது இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் பட்ட தடமே சரியாகத் தெரியாது, பெரிய வலியும் இருக்காது. விடியும் முன் வயிற்றுவலி வரும், இமை சரியும், பேச்சு குளறும், மூச்சு அடங்கும். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்லி அடக்கம் செய்துவிடுவார்கள். கொசுவலையைக் கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிவிட்டாலே இந்தச் சாவுகளில் பலவற்றைத் தடுத்துவிடலாம். எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் இந்த ஒரு வரி முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

அப்படியும் பாம்பு கடித்துவிட்டால், கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடக்கூடாது. வீக்கம் வரும் முன் மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட வேண்டும். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 108ஐ அழைக்க வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று அந்த உறுப்பே அழுகிப்போகலாம். கட்டை அவிழ்த்ததும் விஷம் ஒரேயடியாக உடலில் பரவவும் கூடும். பாம்பை அடித்துப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். விஷம் ஏறியதன் அறிகுறிகளையும் ரத்தம் உறையும் விதத்தையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மந்திரிப்பவரிடமும் பச்சிலை கட்டுபவரிடமும் போய்க் கழிக்கும் அரை மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

அரசு இப்போது கொஞ்சம் விழித்திருக்கிறது. பாம்புக்கடி மரணங்களை 2030க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியத் திட்டம் 2024 மார்ச்சில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இனி கணக்காவது சரியாக வரும். ஆனால் மருத்துவமனைக்கு வந்து சேர்பவர்தான் அந்தக் கணக்கில் ஏறுவார்.

பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், முதலைப் பண்ணை என்ற வரிசையில் இந்தச் சாலையில் போய்க்கொண்டே இருக்கின்றன. விஷம் எடுப்பதைப் பார்வையாளர்களுக்கு நேரில் செய்து காட்டும் ஏற்பாடும் வடநெம்மேலியில் உண்டு. ஆசிரியர்கள் பிள்ளைகளோடு அங்கே அரை மணி நேரம் கூடுதலாக இருக்கட்டும். பாம்பைக் கையில் பிடித்திருக்கும் இருளரைப் பிள்ளைகள் 'ஐயா' என்று அழைத்து, கடித்தால் என்ன செய்வது, கடிக்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்கட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், செங்கல்பட்டு மாவட்டத்துப் பள்ளிகளுக்கு அவர்களையே வருகைதரு ஆசிரியர்களாக அழைக்கலாம். மாவட்ட நிர்வாகம் அவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் ஒதுக்கினால் போதும்.